சமையற்காரனுக்கு வயிற்று வலி

வயிற்று வலிக்கு மருந்து தெரியாத மனுஷன் ஒருத்தனை நான் இதுவரை பார்த்ததில்லை. பல் வலித்தால் பல் டாக்டரிடம் போ என்பார்கள். கண் மங்கினால் கண்ணாடி போடு என்பார்கள். வயிறு என்று வாயைத் திறந்தால் மட்டும் தபால்காரரிலிருந்து நாதஸ்வரக்காரர் வரை எல்லோரும் வைத்தியராகிவிடுவார்கள். ஓமம், இஞ்சி, பெருங்காயம், சோடா. தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்தில் இவற்றோடு, வாயுவுக்குக் 'கேஸ்' என்ற ஒரு சொல்லும் சேர்ந்துகொண்டது. நெஞ்சு வலித்தாலும் கேஸ், முதுகு பிடித்தாலும் கேஸ், மாமியாரோடு சண்டை போட்டுச் சாப்பிடாமல் படுத்தாலும் கேஸ். இந்த வைத்தியர் கூட்டத்தில் நானும் பல வருஷம் முன்வரிசையில் இருந்தவன். அதனால் இங்கே திட்டு வாங்கப்போகிற முட்டாள்களில் என்னை முதல் பந்தியிலேயே உட்கார வைத்திருக்கிறேன்.

நான் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு வலியசாலையில். முகூர்த்த நாளில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போவேன். எங்கள் தொழிலில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. சமையற்காரனுக்கு வயிற்று வலி வரக்கூடாது. அவனுக்கு ஜுரம் வரலாம், கையைச் சுட்டுக்கொள்ளலாம், மனைவி பிறந்தகம் போய்விடலாம். வயிற்று வலி என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது. சொன்னால், 'அவன் சமையல் அவனுக்கே ஒத்துக்கலையாம்' என்று சாயங்காலத்துக்குள் நாலு தெருவுக்குப் போய்விடும். அப்புறம் எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? இந்தச் சட்டத்தை நான் உண்டாக்கவில்லை. ஆனால் என்னைப் போல அதைக் கறாராக நடத்தியவன் எங்கள் தெருவில் கிடையாது.

என்னிடம் பிரதமன் என்கிற மலையாளப் பாயசம் போடுகிறவர் ஒருவர் இருந்தார். என்னைவிட மூன்று வயது பெரியவர், செங்கோட்டைப் பக்கத்துக்காரர். காண்ட்ராக்ட் என்னுடையது என்பதால் அவர்தான் என்னை அண்ணா என்று கூப்பிடுவார். பாலடைப் பாயசத்தைக் கிண்ட நின்றால் நாலு மணி நேரம் நகர மாட்டார். அதிகம் பேசவும் மாட்டார். பேசாத ஆளை மந்தம் என்று நினைப்பது என் வழக்கம்.

ஒரு சித்திரை முகூர்த்தத்தில் அவர் அடுப்புப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். முகமெல்லாம் வேர்வை. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் வெந்நீர் கேட்டு உள்ளே வந்திருந்த நேரம்.

"அண்ணா, வயித்து வலி தாங்கலை. நேத்திக்குத் தொப்புளைச் சுத்தி இருந்தது, இப்போ வலது பக்கம் கீழே எறங்கிடுத்து. நிமிர முடியலை."

வந்தவர் வெந்நீரை மறந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உச்சி மண்டை கொதித்தது. அவரைத் தோளைப் பிடித்துப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஓய், உமக்கு மூளை இருக்கா? பந்தி போடற நேரத்துல வயித்து வலின்னு கத்தினா எவன் ஓய் இலையில உக்காருவான்? கேஸ் ஓய். வெறும் கேஸ். இஞ்சியைத் தட்டிக் குடியும்."

இஞ்சிச் சாற்றை நானே பிழிந்து கொடுத்தேன். குடித்தார், வாந்தி எடுத்தார். மண்டபத்துக்குப் பின்பக்கமாக ஆட்டோவை வரவழைத்து, தம்பானூர் போய் ஊர் பஸ்ஸைப் பிடித்துக்கொள்ளும்படி சொல்லி ஏற்றிவிட்டேன். கூட யாரையும் அனுப்பவில்லை. அனுப்பினால் பரிமாற ஆள் குறையும். மாப்பிள்ளை வீட்டுக்காரரிடம், அந்த ஆளுக்கு ஊரிலிருந்து ஏதோ துக்கச் செய்தி வந்தது என்று சொன்னேன். இதையெல்லாம் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். இளைத்திருந்தார். "என்ன ஓய், கேஸ் போச்சா?" என்றேன். "போச்சுண்ணா" என்றார். அதற்கப்புறம் அவர் பாயசம் காய்ச்சுகிற பெரிய வார்ப்பைத் தூக்க மாட்டேன் என்றார். பிரதமன் நிறைந்த வார்ப்பை அடுப்பிலிருந்து இறக்க நாலு ஆள் வேண்டும், அவர் தள்ளி நிற்பார். வேட்டியைத் தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டியிருந்தார். 'புது மாட்டுப்பெண்' என்று அவருக்குப் பெயர் வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கேஸுக்கு ஒன்றரை மாதம் லீவு போட்ட சோம்பேறி என்று அந்த வருஷம் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு ஆவணியில் வந்தது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு மரியாதை உண்டு. கடைசிப் பந்தியில் தலைமைச் சமையற்காரனை உட்கார வைத்து, பெண்ணைப் பெற்றவர் தன் கையால் நெய் ஊற்றுவார். காலையிலிருந்து காப்பி தவிர ஒன்றும் உள்ளே போயிருக்காது. மணி மூன்றரை இருக்கும். பருப்புக்கு நெய், சாம்பாருக்கு நெய், மேலே இரண்டு கரண்டி பிரதமன். வேண்டாம் என்று கையை மறிக்கக்கூடாது. சமையற்காரன் தன் சமையலை நாலு பேர் பார்க்க ரசித்துச் சாப்பிட வேண்டும். நானும் விரல் நக்கிச் சாப்பிட்டுக் காட்டுவேன்.

ஆவணியில் ஒரு கல்யாணத்தில் அப்படிச் சாப்பிட்டுக் கை கழுவி ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. வலது விலாவுக்குக் கீழே, உள்ளுக்குள் யாரோ அம்மியில் மிளகாய் அரைக்கிற மாதிரி வலி எடுத்தது. அது முதுகுப் பக்கமாக ஏறி வலது தோள்பட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி மூட்டை மேல் இரண்டு மணி நேரம் சுருண்டு கிடந்தேன். வெளியே யாரோ கூப்பிட்டபோது கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பிறகு வந்த மாதிரியே வலி போய்விட்டது.

அடுத்த கல்யாணத்திலும் வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. வீட்டில் மோர் சாதம் சாப்பிடுகிற நாட்களில் வராது. கல்யாணத்தன்று, அந்த நெய்ச் சாப்பாட்டுக்கு அப்புறம், அதே இடத்தில், அதே மாதிரி வரும். மூன்றாம் கிளாஸ் பிள்ளையிடம் சொல்லியிருந்தால்கூட விடை சொல்லியிருக்கும். எத்தனையோ கல்யாணத்துக்குத் தலை எண்ணிப் படி அளந்த இந்த மகா புத்திசாலி கண்டுபிடித்த விடை, கண் திருஷ்டி.

கல்யாணத்தில் எத்தனை பேர் சாப்பிட்டுவிட்டு 'ஆஹா' என்கிறார்கள், அத்தனை கண்ணும் என் வயிற்றில்தானே விழும். போதாததற்குக் கரமனையில் இன்னொரு சமையல்காரன் இருந்தான். பாயசத்துக்கு அளவு தெரியாதவன், என் பெயரைக் கேட்டாலே அவன் முகம் கறுக்கும். பழி முழுவதையும் அவன் தலையில் வைத்தேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று வீட்டில் வந்து பெருமூச்சு விட்டேன். மனைவி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. பார்த்தாயா, எவ்வளவு பெரிய கண் என்றேன். அவள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"மிளகாய் நமுத்துப் போயிருக்கு, அதான் நெடி வரலை. அவாளோட கண்ணு கல்யாணத்தன்னிக்கு மட்டுந்தான் தொறக்குமா? ஒரு தரம் அந்த நெய்யை வேண்டாம்னு சொல்லிப் பாருங்கோளேன். இல்லையா, ஒரு டாக்டர்ட்ட காட்டுங்கோ."

"உனக்கு என்ன தெரியும் என் தொழிலைப் பத்தி?" என்றேன். ஆறு மாதத்தில் என் வயிற்றைப் பற்றி யாரும் சொன்ன ஒரே உருப்படியான பேச்சு அதுதான். அதற்கு நான் கொடுத்த மரியாதை இவ்வளவுதான்.

ஆனாலும் பயம் இருந்தது. வாய்விட்டுச் சொல்லாத பயம். எங்கள் பெரியப்பா வயிற்றில் ஏதோ கட்டி என்று படுத்து, போய்ச் சேர்ந்தவர். எனக்கும் அதுதான் என்று தீர்மானித்திருந்தேன். வலியசாலையில் டாக்டரிடம் போனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் என் சாம்பாரைச் சாப்பிட்டவர்களாக இருப்பார்கள். அதனால் ஒரு நாள் சட்டை பாண்ட் போட்டுக்கொண்டு, நெற்றிக் குறியை அழித்துக்கொண்டு தம்பானூர் போனேன். அங்கே ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் வருகிற கூட்டத்தில் என்னை யாருக்கும் தெரியாது.

முதலில் ஒரு மருந்துக் கடை. கடைக்காரர் நான் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை. "கேஸாணு சாரே. என்ன ஜோலி?"

"ஆபீஸ்ல கிளார்க்" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"அதாணு. ஒரே இருப்பு இருந்நா கேஸ் வரும்." ரோஸ் நிறத்தில் ஒரு குப்பியை எடுத்து வைத்தார். ஒரு மாதம் குடித்தேன். நாக்கு ரோஸாயிற்று.

அப்புறம் ஒரு லாட்ஜில் மாதம் இரண்டு நாள் வந்து அறை எடுத்துப் பார்க்கிற டாக்டர் ஒருவர். அவர் உண்மையில் என்ன டாக்டர் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது, அவருக்காவது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். அவரிடமும் கிளார்க் என்றேன். வயிற்றைத் தொடவே இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே, ஃபைலோடு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இது சகஜம், சாயங்காலம் நடங்கள், மேலதிகாரி திட்டுவதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். நானும் தலையாட்டினேன். விடியற்காலையிலிருந்து அடுப்பைச் சுற்றி ஓடுகிறவன், மறுநாளிலிருந்து சாயங்காலம் நடக்க ஆரம்பித்தேன். இல்லாத ஒரு குமாஸ்தாவின் வயிற்றைக் காட்டி வைத்தியம் கேட்டேன். அவர்களும் அந்தக் குமாஸ்தாவுக்கு மருந்து கொடுத்தார்கள். என் வயிறு அதுபாட்டுக்கு வலித்துக்கொண்டிருந்தது.

தை மாதம் பிறந்து கல்யாணங்கள் தொடங்கின. ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் குளிர் ஜுரம் வந்து பல் கிட்டித்தது. சிறுநீர் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போயிற்று. காலையில் கண்ணாடியில் பார்த்தால் கண் இரண்டும் மஞ்சள். வயிற்று வலிக்காரன் சமைத்ததையாவது ஒரு வாய் வைத்துப் பார்ப்பார்கள். மஞ்சள் காமாலைக்காரன் தொட்ட தண்ணீரைக்கூட இந்த ஊரில் குடிக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் எனக்கு வந்த முதல் யோசனை ஆஸ்பத்திரி அல்ல. கறுப்புக் கண்ணாடி.

அடுப்பு அனலில், நீராவியில், இடுப்பில் துண்டும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக நான் நின்ற கோலத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. கேட்டவர்களிடம் புகை படக்கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். மனைவி காலையில் வாசல்வரை வந்து, இந்தக் கல்யாணம் நீங்கள் இல்லாவிட்டாலும் நடக்கும் என்றாள். நான் ஆட்டோவில் ஏறினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு சமையற்காரனுக்குத் தெரியாதா என்று எனக்கு நினைப்பு.

மூன்றரை மணிக்குப் பெண்ணின் அப்பா என்னைக் கையைப் பிடித்து இலையில் உட்கார வைத்தார். நெய் ஊற்றினார். சாப்பிட்டேன். பிரதமன் இரண்டாம் கரண்டி விழுந்தபோதே விலாவுக்கடியில் ஆரம்பித்துவிட்டது. எழுந்து பின்பக்கம் போய்த் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். இந்தத் தடவை வலி போகவில்லை. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

யாரோ வந்து என் கண்ணாடியைக் கழற்றினார்கள். பிரதமன்காரர். என் கண்ணைப் பார்த்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணா, ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்கோ."

"சத்தம் போடாதேயும் ஓய். பந்தி முடியட்டும். இது கேஸ்."

அவர் நேராகப் பந்தி நடக்கிற இடத்துக்குப் போனார். பத்து வருஷத்தில் அவர் குரல் அவ்வளவு தூரம் கேட்டது அன்றைக்குத்தான்.

"எங்க அண்ணாவுக்கு வயித்து வலி. காமாலை வேற கண்டிருக்கு. யாராவது ஒரு கார் கொண்டு வாங்கோ."

நான் தென்னை மரத்தோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். தீர்ந்தது, இனி இந்த ஊரில் கரண்டி பிடிக்க முடியாது என்று நினைத்தேன். வலியைவிட அதுதான் வலித்தது. பெண்ணின் அப்பா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். அவருடைய மச்சினன் காரைக் கொண்டு வந்தார். என்னைத் தூக்கிக்கொண்டு பந்தி ஓரமாகத்தான் போனார்கள், வேறு வழி இல்லை. கடைசிப் பந்தியில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். ஒரு ஆள் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை. என்னை அனுதாபமாகப் பார்த்தார்கள். ஒரு மாமா என்னைப் பார்த்தபடியே பரிமாறுகிறவனிடம் இன்னும் ஒரு கரண்டி பிரதமன் விடச் சொன்னார். இந்த ஜனங்களுக்குப் பயந்துதான் நான் ஆறு மாதம் அரிசி மூட்டை மேல் கிடந்திருக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் விலாவுக்கடியில் விரலை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். பாதி மூச்சில் கத்திவிட்டேன். என் வயிற்றை ஒரு வைத்தியர் தொட்டது அதுவே முதல் தடவை.

"எத்ர நாளாயி?"

"ஆறு மாசம்."

"ஜோலி?"

"ஆபீஸ்ல கிளார்க்" என்றேன். அப்போதும்.

"சமையல், டாக்டர். கல்யாணச் சமையல்" என்றார் பின்னால் நின்ற பிரதமன்காரர். "நெய்யும் பிரதமனும் சாப்பிட்டா ஒரு மணிக்கூர்ல வலிக்கும், தோளுக்கு ஏறும். சாமான் ரூம்ல கதவைச் சாத்திண்டு கெடப்பர். எனக்குத் தெரியும்."

வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். பித்தப்பை நிறையக் கல். அதில் ஒன்று நழுவிக் குழாயை அடைத்திருந்தது, அதனால்தான் காமாலை, அதனால்தான் ஜுரம். எண்ணெயும் நெய்யும் போகும்போதெல்லாம் அந்தப் பை சுருங்கும், வலிக்கும் என்று டாக்டர் விளக்கினார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து மணிக்கணக்கில் நிற்கிற வலியை இரண்டாம் தடவையே காட்டியிருக்க வேண்டும், குளிர் ஜுரமும் கண்ணில் மஞ்சளும் வந்த பிறகு ஒரு மணி நேரம்கூட வீட்டில் இருந்திருக்கக்கூடாது என்றார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ரத்தத்தில் விஷம் ஏறியிருக்கும் என்று என் மனைவியிடம்தான் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. நான் அதற்குத் தகுதியானவன் இல்லை என்று நினைத்திருப்பார். சரியாகத்தான் நினைத்தார். அவள் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜுரத்தை மருந்தில் அடக்கிவிட்டு ஆபரேஷன் செய்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, பிரதமன்காரர் தூக்குவாளியில் கஞ்சி கொண்டு வந்தார். வார்டு நர்ஸ் மருந்துத் தட்டோடு வந்தவள் அவரைப் பார்த்ததும் நின்று சிரித்தாள்.

"பாயச ஸ்வாமியல்லே? முறிவொக்கெ உணங்ஙியோ?"

காயமெல்லாம் ஆறிவிட்டதா என்று கேட்கிறாள். அவர் கூச்சத்தோடு, "உணங்ஙி சிஸ்டரே" என்றார். அவள் ஜன்னலோரத்துக் கட்டில் ஒன்றைக் காட்டி, ஸ்வாமி அங்கே கிடந்துகொண்டு எங்களுக்கெல்லாம் பாலடை செய்யச் சொல்லிக் கொடுத்தார் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

"என்ன காயம் ஓய்?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வேட்டியைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினார். வலது பக்கம் கீழே, கையகலத்துக்கு ஒரு தழும்பு. அன்றைக்கு நான் ஏற்றிவிட்ட ஆட்டோவிலிருந்து இறங்கி, செங்கோட்டை பஸ்ஸில் நெடுமங்காடு வரை போயிருக்கிறார். வலி நடுவில் திடீரென்று குறைந்ததாம், அதுதான் அவருக்குப் பயமாக இருந்ததாம். அங்கே இறங்கி ஆஸ்பத்திரியைத் தேடித் தானே நடந்து போயிருக்கிறார். அவர்கள் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, குடல்வால் வெடித்துவிட்டது என்று உடனே ஆம்புலன்ஸில் இங்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பதினெட்டு நாள் அந்த ஜன்னலோரத்தில் கிடந்திருக்கிறார். என் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். அந்தப் பதினெட்டு நாளும் நான் வலியசாலையில் அவருடைய சோம்பேறித்தனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்தத் தழும்போடுதான் அவர் அடுப்பில் நின்றிருக்கிறார், அதைக் காட்டாமலிருக்கத்தான் வேட்டியை ஏற்றிக் கட்டியிருக்கிறார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வேறெதற்கும் பழக்கமில்லாதவன்.

"ஏன் ஓய் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

அவர் தூக்குவாளி மூடியைத் திறந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சொன்னேனே அண்ணா. அடுப்புப் பக்கத்துல சொன்னேன்."

கஞ்சியை டம்ளரில் ஊற்றி, ஆற்றி, என் கையில் கொடுத்தார். நெய் விடவில்லை, உப்பு மட்டும் போட்டிருக்கு என்றார். வாங்கிக் குடித்தேன்.